வண்டிக்குத் தெரியாத என் தங்கச்சி

எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே பானையில் சோறு, ஒரே சட்டியில் குழம்பு. நான் அகலத்தில் வளர்ந்தேன், அவள் நீளத்தில் வளர்ந்தாள். "அவ பங்கையும் சேர்த்து நீயே தின்னுட்டியா?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை, அந்த மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கோ கோபமே வராது. அவளை எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டு, அதையும் சுருக்கிக் குச்சி என்று ஆக்கிவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

பேருந்தில் அவள் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் எப்போதும் ஒருவருக்கு இடம் இருப்பதாக ஊருக்கே நினைப்பு. "கொஞ்சம் தள்ளும்மா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். வரிசையில் நின்றால் அவளுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். கேட்டால், "அடடா, கவனிக்கலையேம்மா!" முப்பது வயதுப் பெண், கண் முன்னால் நிற்கிறாள், எப்படிக் கவனிக்காமல் போகும்?

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். நான் வாசலில் எடைமேடைக் கூண்டுக்குள். லாரி மேடை மேல் ஏறி நிற்கும், நான் எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். அவள் உள்ளே, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பிரிவு ஆட்கள் சும்மா இருக்க முடியாமல் அவளை இழுத்துக்கொண்டு வந்து எடைமேடையில் ஏற்றினார்கள். அது லாரிக்கான பழைய மேடை. நூறு நூறாகத்தான் எண் ஏறும். ஐம்பது கிலோவுக்குக் கீழே எது நின்றாலும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும், ஐம்பதைத் தாண்டினால் மேலே தூக்கி நூறு என்று காட்டும். தங்கச்சி நடுமேடையில் போய் நின்றாள். கூண்டுக்கு மேலே இருக்கும் பெரிய சிவப்பு எழுத்துப் பலகையில் பூஜ்யம்.

சிரித்தார்களே ஒரு சிரிப்பு! ஒருத்தன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். "குச்சி, நீ நெஜமாவே இருக்கியா?" என்று ஒருத்தி அவளைக் கிள்ளிப் பார்த்தாள். நான் கூண்டுச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேடை எப்படி எடை பார்க்கும் என்று கத்தி விளக்கினேன். யார் காதில் விழுகிறது? தங்கச்சியும் சிரித்தாள். ஆனால் இறங்கும்போது பலகையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள்.

அந்த வருடம்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட உள்ளே இருக்கும் ஆட்களையே பழக்கப்போவதாக அறிவித்தார்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, அடுக்கடுக்காகப் பெட்டிகளைத் தூக்கிப் போகுமே, அந்த பேட்டரி வண்டி. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் என் தங்கச்சி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

முதல் நாள் பழகிவிட்டுக் கூண்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, எல்லாரும் ஒதுங்குறாங்க அக்கா!"

"யாரு?"

"எல்லாரும்தான். நான் வண்டியில வர்றதைப் பார்த்து அந்தத் தடியனுங்க சுவரோட ஒட்டிக்கிட்டு வழி விடுறாங்க. ஒருத்தர் எனக்கு வணக்கம் வெச்சாரு!"

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பளம் கிம்பளம் எல்லாம் அப்புறம். அந்த வண்டியின் மேல் உட்கார்ந்தால் அவளை யாரும் கவனிக்காமல் போக முடியாது. அந்த இடம் இவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்கும் வெறி பிடித்துவிட்டது.

வண்டியும் அவளுக்கு நன்றாகவே கைவந்தது. முட்டை அடுக்குவது போலப் பெட்டிகளை அடுக்கினாள். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். கிடங்கிலிருந்து லாரிக்குள் போகும் வழியில், சரிவின் முடிவில், ஒரு இரும்புத் தகடு உண்டு. அதன் மேல் ஏறும்போது எந்த வண்டியும் ஒரு குலுக்கு குலுக்கும். இந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான் வண்டி ஓடும், எழுந்தால் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். ஓட்டுகிறவர் பத்திரத்துக்கு வைத்தது. தகட்டின் மேல் குலுங்கியதும் என் தங்கச்சி பெல்ட்டையும் மீறி இருக்கையிலிருந்து ஒரு இம்மி எழும்புவாள். உடனே வண்டி, ஆள் இறங்கிவிட்டது என்று நினைத்து மடாரென்று நின்றுவிடும். மேலே இருக்கும் பெட்டிகள் ஆடும். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. இருக்கையின் ஸ்பிரிங்கை இளக்கும் திருகாணியை எவ்வளவு தூரம் திருப்ப முடியுமோ அவ்வளவும் திருப்பிப் பார்த்தாயிற்று.

இந்த இடத்தில்தான் பேட்டரி அண்ணன் உதவிக்கு வந்தார். வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவர், தங்கமான மனுஷன், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு அட்டையை மடித்து இருக்கைக்கு அடியில் செருகி, சுவிட்சை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டார். "இப்ப ஓட்டும்மா, பறக்கும்!" என்றார். பறக்கத்தான் செய்தது. தகட்டின் மேல் எத்தனை தடவை போனாலும் நிற்கவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இறங்கினால் வண்டி தானாக நிற்கிறதே, எதற்குக் கை பிரேக்கை இழுப்பது என்று விட்டுவிடுவார்கள். இவளும் அப்படித்தான் பழகியிருந்தாள். அன்று சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் கோணலாக இருந்த ஒரு பெட்டியைச் சரி செய்ய இறங்கினாள். அட்டை இருக்கிறதே, வண்டிக்கு அவள் இறங்கியதே தெரியவில்லை. மெல்ல நகர ஆரம்பித்தது. ஒருத்தர் "ஏய், ஏய்!" என்று கத்தவும் இவள் துள்ளி ஒதுங்கவும் சரியாக இருந்தது. வண்டி நேராகப் போய் ஜாம் பாட்டில் அடுக்கில் முட்டியது. கிடங்கு முழுக்கச் சிவப்பு. நான் வாசலிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது தரையெல்லாம் ரத்தம் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. அது ஜாம் என்று தெரிந்த பிறகு பேட்டரி அண்ணனை நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மேற்பார்வையாளர் அட்டையை உருவி எடுத்து, மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். பிறகு தங்கச்சியிடம் சொன்னார்.

"உன் கை நல்ல கைம்மா. இங்க இருக்கற பாதிப் பேரைவிட நல்லா ஓட்டுற. ஆனா நீ உட்கார்ந்திருக்கியா இல்லையான்னு வண்டிக்கே தெரியலைன்னா, தேர்வுக்கு அனுப்ப நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நான் சும்மா இருப்பேனா? "ஒல்லியா பொறந்தது அவ குத்தமா சார்? லேசான ஆளுக்கு ஏத்த சீட்டா வாங்கிப் போடுங்க!"

"கேட்டுட்டேன்க்கா. இந்த சீட்டுக்குக் கொறைஞ்சது ஐம்பது கிலோ ஆளு வேணுமாம். அதுக்குக் கீழ இறங்காதுன்னு வண்டி வித்தவங்க கையை விரிச்சுட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி தேர்வு வரும். பார்க்கலாம்."

தங்கச்சி நாற்பத்திரண்டு கிலோ. திரும்ப ஸ்டிக்கர் ஒட்டப் போனாள்.

வீட்டில் அம்மாவும் நானும் போர்க்கோலம் பூண்டோம். ஒரு வருடம் எதற்கு, ஒரு மாதத்தில் ஏற்றிக் காட்டுகிறோம் என்று இறங்கினோம். வெண்ணெய், இனிப்பு, பொரித்தது, வறுத்தது, கலர் கலராகப் பாட்டில் பானம். அம்மா தட்டை நிரப்புவாள், நான் காவலுக்கு நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரி, ஒரே மாதத்தில் ஆள் அடையாளமே மாறிவிடும் என்று ஒரு மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடையாளம் மாறத்தான் செய்தது. முகமெல்லாம் பரு, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கை கால் அதே ஈர்க்குச்சி. ஒரு நாள் வேலையிடத்தில் ஸ்டிக்கர் இயந்திரத்தின் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். எடை பார்த்தால் இருந்ததிலும் ஒரு கிலோ குறைவு! டப்பாவை நான் குப்பையில் எறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்.

"உங்க உடம்பு வாகே இதுதான். ஒல்லியா இருக்கறது நோயில்லை. சரி, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க?"

"மூணு வேளையும் நல்லா சாப்பிடுவேன் டாக்டர்."

"பொய்யி டாக்டர்!" என்றேன் நான். "கோழி கொத்தற மாதிரி நாலு வாய்..."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. டாக்டரம்மா பொறுமையாகத் துருவித் துருவிக் கேட்டார். காலையில் எழுந்ததும் டீ, பேருந்துக்கு முன்னால் டீ, கிடங்கில் நுழைந்ததும் டீ, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டீ. யார் டீ வாங்கினாலும் இவளுக்கு ஒன்று வந்துவிடும், வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். சோற்றில் கை வைக்கும்போது பசி செத்துப் போயிருக்கும்.

"டீயைக் குடிச்சுக் குடிச்சே பசியை அடிச்சு வெச்சிருக்கீங்க," என்றார். "சாப்பாட்டுக்கு முன்னாடி டீயும் வேணாம், சொம்பு சொம்பா தண்ணியும் வேணாம். உங்க வயிறு சின்னது, மூணு வேளையில கொட்டினா தாங்காது. அதையே ஆறு தடவையா பிரிச்சு சாப்பிடுங்க. வெண்ணெயும் இனிப்பும் விழுங்கினா தொப்பைதான் வரும். முட்டை, பருப்பு, கடலை, பால், தயிர், பழம், இதுல ஏத்துங்க. சாப்பிட்டது சதையா ஒட்டணும்னா கனம் தூக்கணும். நல்லா தூங்கணும். அவசரப்படாதீங்க, மெதுவா ஏறினாத்தான் நிக்கும்."

தொடங்கினோம். சாப்பிடுவது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது வேலையாக இருந்ததே இல்லை! அவளுக்கோ ஒவ்வொரு வாயும் ஒரு மல்லுக்கட்டு. மேல்சட்டைப் பையில் வறுத்த நிலக்கடலை, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே மெல்லுவாள். நடுவில் என் கூண்டுக்கு வந்து அவித்த முட்டை. சாயங்காலம் வாழைப்பழமும் பாலும். சோற்றில் பருப்பு ஒரு கரண்டி கூடுதல். மிச்சம் வைத்தால் வீணாக்க மனசு வராமல் நான் சாப்பிட்டுவிடுவேன். முதல் மாதம் எடை ஏறியது எனக்குத்தான்.

டீ நேரத்தில் எல்லாரும் கோப்பையோடு நிற்க, இவள் பால் டம்ளரோடு நிற்பாள். "பாப்பாவுக்குப் பாலா?" என்று ஒருத்தன் கேட்டான். அவள் சிரித்தாள். ஆனால் முன்பு போலக் கொடுத்த டீயை வாங்கிக்கொள்ளவில்லை. "வேணாம்" என்றாள். என் தங்கச்சி ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கனம் தூக்க எங்கே போவது? என் கூண்டுக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்ட பழைய எடைக்கற்கள் கிடந்தன. செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு என் கண்ணிலேயே படாமல் திரிந்த பேட்டரி அண்ணன், ஒரு நாள் வந்து அவற்றின் துருவைச் சுரண்டி, பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் கூண்டுக்குப் பின்னால் அவள் தூக்குவாள், இறக்குவாள், கல்லை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாள். முதலில் சின்னக் கல்லுக்கே கை நடுங்கியது. லாரி ஓட்டுநர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "என்ன படமா ஓடுது? வண்டியை எடுங்க!" என்று விரட்டுவேன்.

மெல்ல மெல்ல ஏறியது. கடிகாரப் பட்டையை ஒரு துளை தள்ளிப் போட்டாள். தோள் எலும்பு உள்ளே போனது. அம்மா அவளை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. படுக்கையிலிருந்து எழுந்து வந்து, கிடங்கில் பெட்டிகளை நிறுக்கும் பார்சல் தராசில் ஏறினாள், அத்தனை மாதம் சேர்த்ததில் பாதி போயிருந்தது.

கூண்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"விடுக்கா. ஸ்டிக்கர் ஒட்டவும் ஆளு வேணுமில்ல. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

எனக்குக் கத்த வரவில்லை.

"எல்லாரும் ஒதுங்கறாங்கன்னு மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னியேடி. அதை விட்டுடப் போறியா?"

அவள் எடைமேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முட்டையை எடுத்து உரித்தாள். அழுதுகொண்டே தின்றாள். நானும் அழுதேன்.

காய்ச்சலில் போனது, பட்ட பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டதோ என்னவோ, சீக்கிரமே திரும்பி வந்தது. அப்புறமும் ஏறியது. தேர்வு நாள் காலையில் பார்சல் தராசில் ஐம்பத்தொன்றரை. அம்மா வீட்டில் தூங்காமல் காத்திருந்து, போனில் இந்த எண்ணை மூன்று தடவை கேட்டாள்.

தேர்வு பார்க்க வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார். நான் எடைமேடையை வேறொருத்தரிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றேன், கூடாதுதான், யாரால் என்ன செய்துவிட முடியும்? தங்கச்சி வண்டியில் ஏறப் போகும்போது பேட்டரி அண்ணன் ஓரமாகக் கூப்பிட்டு, உள்ளங்கையில் மறைத்து இரண்டு சின்ன எடைக்கற்களை நீட்டினார்.

"பையில போட்டுக்கம்மா. எதுக்கும் இருக்கட்டும். அந்தத் தகடு மோசமான தகடு."

"அண்ணே," என்றாள் அவள், சிரித்துக்கொண்டேதான், "போன தடவை அட்டை உட்கார்ந்துச்சு. இந்தத் தடவை நான் உட்காரறேன்."

சொல்லிவிட்டு மேல்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து உதறினாள். கடலைத் தோல் பறந்தது. மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. தூக்கச் சொன்ன சரக்கு என்ன தெரியுமா? அதே ஜாம் பாட்டில் பெட்டிகள்! சரிவில் இறங்கியது. தகட்டை நெருங்கியது. ஸ்டிக்கர் பிரிவே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. முன் சக்கரம் தகட்டில் ஏறி டடக் என்றது. அவள் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. வண்டி நிற்கவில்லை. பின் சக்கரமும் ஏறியது. டடக். நிற்கவில்லை! நேராக லாரிக்குள் போய், சத்தமில்லாமல் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியைப் பின்னோக்கி எடுத்தாள். வெறும் வண்டி இன்னும் அதிகமாகக் குலுங்கும். குலுங்கியது. அவள் இருக்கையோடு இருக்கையாக இருந்தாள்.

சரிவில் வந்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். கை பிரேக்கை எல்லார் காதிலும் விழும்படி இழுத்தாள். இறங்கினாள். வண்டி தானாகவும் பிரேக்கைப் போட்டுக்கொண்டு அடங்கியது. அவள் இருந்ததும் அதற்குத் தெரிந்தது, இறங்கியதும் தெரிந்தது.

தேர்வு பார்த்த அம்மா கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் மட்டும், "எடைமேடை அக்கா, இப்ப என்னைத் திட்ட ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதோடு விட்டார்களா? ஸ்டிக்கர் பிரிவு ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "மேடைக்கு வா, மேடைக்கு வா!" என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று கிள்ளிப் பார்த்தவள்தான் முதலில் கையைப் பிடித்து இழுத்தவள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. என் தங்கச்சி திரும்பி ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். லாரி நின்றது. நான் கூண்டுக்குள் ஓடிப் போய் உட்கார்ந்தேன்.

அவள் நடுமேடையில் போய் நின்றாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பலகையில் பூஜ்யம் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் சிவப்பாக, ஒரு முழ உயரத்துக்கு வந்தது நூறு.

"அடேங்கப்பா, நூறு கிலோ!" என்று கத்தினார்கள். பேட்டரி அண்ணன் துள்ளிக் குதித்தார். இந்தத் தடவை மேடை எப்படி எடை பார்க்கும் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை.

"அக்கா, சீட்டு அடிச்சுக் குடு!" என்று அவள் மேடையிலிருந்து கூவினாள்.

அடித்தேன். நாள், நேரம், எடை நூறு கிலோ. வண்டி எண் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். கீழே, ஓட்டுநர் என்று போட்டிருக்கும் இடத்தில் என் தங்கச்சியின் பெயரை அடித்தேன்.